பட்டுப் பிரிவில் ஒரு கறுப்புச் சட்டை

போன வாரம் தங்கச்சி மகளுக்குக் கல்யாணத் துணி எடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். தாய்மாமன் இல்லாமல் முகூர்த்தப் பட்டு எடுக்கக் கூடாது என்பது ஒரு காரணம். நான் ஒரு காலத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவன், துணியைத் தொட்டுப் பார்த்து ஏதாவது சொல்வேன் என்று தங்கச்சி நம்புவது இன்னொரு காரணம். நான் ஒன்றும் சொல்லவில்லை. நாலு மாடிக் கடை. தானாக ஏறுகிற படிக்கட்டில் காலை வைப்பதற்கே எனக்குப் பெரிய யோசனையாக இருந்தது. பின்னால் வந்த சின்னப் பையன் என்னைத் தாண்டிக் குதித்து ஏறிப் போனான்.

முகூர்த்தத்துக்கு அரக்கு நிறத்தில் ஒன்று சீக்கிரமே அமைந்துவிட்டது. வரவேற்புக்கு உடுத்த அடுத்ததைத் தேடும்போதுதான் கல்யாணப் பிள்ளை அதைக் கையில் எடுத்தாள். சுத்தக் கறுப்பு. கரையில் மட்டும் நூல் மாதிரி சரிகை. எனக்குத் திக்கென்றது. தங்கச்சி முகத்தைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா முகத்தைப் பார்த்தேன். இரண்டு முகத்திலும் ஒன்றும் இல்லை. விலைச் சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப கறுப்புதான் சார் நல்லாப் போவுது" என்றாள் விற்கிற பெண்.

பிள்ளை சேலையை என் தோளுக்குப் பக்கத்தில் பிடித்து, "மாமா சட்டைக்கும் இதுக்கும் சரியா இருக்குல்லா? ரெண்டு பேரும் சேந்து போட்டோ எடுக்கணும்" என்றாள். அன்றைக்கு நானும் கறுப்புச் சட்டைதான் போட்டிருந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

விற்கிற பெண் வேண்டாத சேலைகளைச் சுருட்டி ஓரமாகப் போட்டாள். என் கை சும்மா இருக்கவில்லை. ஒன்றை எடுத்து மடித்தேன். பட்டை உதறி மடிக்கும்போது ஒரு வாசனை வரும். கஞ்சியும் சாயமும் பெட்டிக்குள் கிடந்த புழுக்கமும் கலந்தது. உங்கள் வீட்டிலும் பீரோவைத் திறந்தால் வரும். அது மூக்கில் ஏறியதும் ஞானப்பிரகாசம் அண்ணன் வந்து என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

டவுனில் ரத வீதியில் இருந்தது எங்கள் கடை. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். வயல் வேலை, செங்கல் சூளை என்று கொஞ்ச காலம் திரிந்துவிட்டு, மீசையெல்லாம் நன்றாக முளைத்த பிறகுதான் அங்கே சேர்ந்தேன். விற்கத்தான் எடுத்தார்கள். முதல் நாள் பத்தமடையிலிருந்து மூன்று பெண்கள் வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து, "தம்பி, மாம்பழக் கலர்ல காட்டுங்க" என்றார்கள். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சேலைகளைக் காட்டினேன். வாயை மட்டும் திறக்க முடியவில்லை. விலை கேட்டார்கள், சீட்டைத் திருப்பிக் காண்பித்தேன். "பாவம், ஊமை போலிருக்கு" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு, இரக்கப்பட்டு ஒரு சேலை எடுத்துக்கொண்டு போனார்கள்.

முதலாளி அண்ணாச்சி கல்லாவிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். "ஏலே, ஊமைன்னு சொல்லி எத்தன நாளைக்கு யாவாரம் பண்ண முடியும்?" என்று என்னை மடிக்கிற வேலைக்கு மாற்றினார். எனக்கு அது சொர்க்கமாக இருந்தது. பட்டுப் பிரிவில் வெள்ளை மெத்தை விரித்திருக்கும். விற்கிறவருக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் விரித்துப் போட்டதை எல்லாம் மடித்து அடுக்க வேண்டும். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

எனக்கு முன்னால் உட்கார்ந்து விற்றவர்தான் ஞானப்பிரகாசம் அண்ணன். பாளையங்கோட்டைக்காரர், வேதக்காரர். கிறிஸ்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நல்ல தொந்தி. அவர் சேலையைப் பற்றிப் பேசவே மாட்டார். கல்யாணத்தை விசாரிப்பார். மாப்பிள்ளைக்கு எந்த ஊர், பிள்ளைக்கு மூத்தது எத்தனை பேர், கல்யாணம் வீட்டிலா சத்திரத்திலா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கேட்டு முடித்த பிறகு அலமாரியிலிருந்து ஒரே ஒரு சேலையை உருவுவார். முந்தானையைத் தன் தோளிலேயே போட்டுக் காட்டி, "என் மேலயே இப்படி இருக்குன்னா, பிள்ளை மேல எப்படி இருக்கும்னு பாத்துக்கிடுங்க" என்பார். பெண் வீட்டார் சிரித்தால் யாபாரம் முடிந்தது என்று அர்த்தம். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் கடையின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "தொந்தி அண்ணாச்சி கடை" என்றுதான் சொல்வார்கள். முதலாளிக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. அவருக்கும் தொந்தி இருந்தது.

கறுப்புக்கு எங்கள் பட்டுப் பிரிவில் இடமே கிடையாது. கறுப்பில் உள்ள நல்லதெல்லாம் குழந்தைக்குத்தான். இடுப்புக்கு ஒரு கறுப்புக் கயிறு, கன்னத்தில் ஒரு மைப்பொட்டு. அதற்கு மேல் ஒரு நல்ல காரியத்தில் கறுப்பு கண்ணில் படக் கூடாது. கருநீலத்தைக்கூட விளக்கு வெளிச்சத்தில் காட்ட மாட்டோம், கறுப்பு என்று நினைத்து எழுந்து போய்விடுவார்கள்.

ஆனாலும் கடையில் கறுப்பு இருந்தது. கீழ்த்தளத்தில், வேட்டி துண்டு விற்கிற பக்கத்தில், அடி அலமாரியில் கறுப்பு நூல் சேலைகள் கொஞ்சம் மடித்து வைத்திருப்போம். பாளையங்கோட்டை வேதக்காரப் பெண்களுக்காக. சாவுத் துக்கத்தை எங்கள் பக்கம் துட்டி என்போம். துட்டி என்றால் எங்களில் வெள்ளை. அவர்களில் புருஷனோ தகப்பனோ போய்விட்டால், அந்தப் பெண் ஒரு வருடம் கறுப்புதான் உடுத்துவாள். ஆண்டுப் பூசை முடிந்த அன்று உடன்பிறந்தவன் நிறச்சேலை கொண்டுவந்து மாற்றச் சொல்வான். ஆண்களுக்கு அவ்வளவு கடுமை இல்லை. சட்டைப் பையில் இரண்டு விரற்கடை கறுப்புத் துண்டைக் குத்திக்கொண்டால் போதும்.

அந்தக் கீழ்ப் பகுதியில்தான் கோடித் துணியும் விற்போம். இறந்தவருக்குப் போர்த்துகிற புதுத்துணி. அதை வாங்க வருகிறவரைப் பார்த்த உடனேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். 'வாங்க' என்று சொல்ல மாட்டோம். அவரும் விலை பேச மாட்டார். போகும்போது 'போயிட்டு வாரேன்' என்று சொல்ல மாட்டார். துணியைப் பையில் போடாமல் வெறும் தாளில் சுற்றிக் கொடுப்போம். யாரும் எங்களுக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை. என்னைப் போலப் பேசத் தெரியாதவனுக்கு அந்த யாபாரம் நன்றாக வரும்.

அண்ணனுடைய வீட்டுக்காரி ரெஜினா மதினி. கடைக்கு வருகிறவர்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பார், அதனால் அடிக்கடி வருவார். மதினியின் அப்பா இறந்துபோன சமயம், கறுப்புச் சேலை எடுக்க வந்தார். நான்தான் அடி அலமாரியைத் திறந்து இரண்டு எடுத்துக் கொடுத்தேன். அண்ணனும் பக்கத்தில் நின்றார். மதினி சேலையை விரித்துப் பார்த்தபடி கேட்டார்.

"ஏங்க, எங்கப்பாவுக்கு நான் ஒரு வருசம் கறுப்பு உடுத்துதேன். உங்களுக்கு ஒண்ணுன்னாலும் நான்தான் உடுத்தணும். எனக்கு ஒண்ணுன்னா நீங்க என்ன உடுத்துவிய?"

"அதுக்குத்தான் சட்டையில குத்துத துண்டு இருக்கே" என்றார் அண்ணன்.

"பாத்தியளா தம்பி உங்க அண்ணன? ரெண்டு விரக்கடைத் துண்டு. அதக் குத்திக்கிட்டு இங்கன உக்காந்து பட்டு வித்துக்கிட்டு இருப்பாவ. சாயங்காலம் சட்டையோட சேத்து வெளுக்கப் போட்டுருவாவ."

அண்ணனுக்குச் சிரிப்பு. "சரிட்டி. நானும் ஒரு வருசம் உடுத்துதேன். போதுமா?"

"சாட்சி?"

"இந்தா நிக்கானே, இவன்தான் சாட்சி."

"இவரா?" மதினி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "இவரு வாயத் தொறந்து சாட்சி சொல்லுததுக்குள்ள சேல சாயம் போயிரும்."

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த மதினிகூட அன்று சிரித்துவிட்டார்.

அந்த வருடக் கறுப்பை முடித்து, நிறச்சேலைக்கு மாறி, இரண்டு மூன்று கிறிஸ்துமஸுக்கு எங்களுக்கெல்லாம் முறுக்கும் அதிரசமும் கொடுத்தனுப்பினார். பிறகு ஒரு ஆடி மாதம் வயிற்றில் என்னவோ என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். திரும்பி வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் ஆடிக் காற்று மண்ணை அள்ளி எல்லார் கண்ணிலும் போட்டது. அழுகிறவர் யார், கண்ணைக் கசக்குகிறவர் யார் என்று தெரியவில்லை. அண்ணன் கண்ணைத் துடைக்கவே இல்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் வேலைக்கு வந்தார். கறுப்புச் சட்டை, கறுப்பு வேட்டி. முகத்தில் தாடி. கழுத்தில் மதினியின் செபமாலை, சட்டைக்குள் விட்டிருந்தார்.

முதலாளி அண்ணாச்சி அவரைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். காப்பி வரவழைத்தார். வெகு நேரம் வேறு ஏதேதோ பேசினார். முதலாளியும் நல்ல மனிதர்தான், கோயிலில் அர்த்தசாமப் பூசை பார்க்காமல் சாப்பிட மாட்டார். கடைசியில் பைய ஆரம்பித்தார்.

"ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுக்கக் கூடாது வே. உங்க ஆளுவள்ல ஆம்பளைக்குத் துண்டு குத்துனா போதும்லா?"

"போதும் அண்ணாச்சி."

"பொறவு?"

"அவகிட்டச் சொல்லிட்டேன்."

"கல்யாணத்துக்குப் பட்டெடுக்க வாரவன் மொத மொதக் கண்ணு முழிக்கதே ஓம் மேலதானவே? கறுப்பப் பாத்தா படியேறுவானா?"

"கீழ அனுப்புங்க அண்ணாச்சி. கோடித் துணி விக்கேன். அதுக்கு இது பொருத்தமாத்தான் இருக்கும்."

முதலாளி யோசித்தார். அவருக்கும் அண்ணனை விட மனசில்லை. "தை வரைக்கும் பாப்பேன். தையில முகூர்த்தம் வரிசையா வருது. அன்னைக்கு வெள்ளச் சட்டையோட பட்டுல வந்து உக்காரணும். இல்லன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும். எனக்கும் பிள்ள குட்டி இருக்கு."

"சரி அண்ணாச்சி" என்றார் அண்ணன். எதற்குச் சரி என்றார் என்று முதலாளிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தையில் சட்டையை மாற்றினால் மதினிக்குச் சொன்ன சொல் போகும், மாற்றாவிட்டால் வேலை போகும். மதினியின் ஆஸ்பத்திரிச் செலவோடு, படிக்கிற மகனும் இருந்தான்.

அண்ணன் கீழே போனார். எனக்கு முன்னால் ஒரு புதுப் பையன் வந்து உட்கார்ந்தான். மடிப்பதற்குத்தான் வேலை குறைந்துபோனது. மேலே வருகிறவர்கள், "எங்க அந்தத் தொந்தி அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு, அரை மனசோடு எதையாவது எடுத்துப் போனார்கள்.

கீழே அண்ணனுடைய கறுப்பை ஊரார் படித்த விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஆவணியில் ஒரு பெரியவர் துண்டு வாங்க வந்தார். கறுப்புச் சட்டையை மேலும் கீழும் பார்த்து, "என்னவே, சாமி இல்லைன்னு சொல்லுத கட்சியா நீரு?" என்றார். "இல்ல அய்யா" என்றார் அண்ணன். "பொறவு ஏன் கறுப்பு?" "வீட்டுக்காரி தவறிட்டா." பெரியவர் வாங்கிய துண்டைத் தோளில் போடாமல் கையில் வைத்துக்கொண்டார். "சீக்கிரமாப் போயிட்டாளோ?" "ஆமா அய்யா." அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பெரியவர் கடையைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்து, "சாப்பிட்டீரா வே?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். இன்னொருவர் அவரை வக்கீல் என்று நினைத்து, கோர்ட்டில் பார்த்ததாகச் சொல்லி ஒரு வழக்கு விஷயமே கேட்க ஆரம்பித்துவிட்டார். தப்பாகவோ சரியாகவோ எல்லாரும் கேட்டார்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கார்த்திகை பிறந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எங்கள் ஊர் வழியாகத்தான் பாதிக் கூட்டம் சபரிமலைக்குப் போகிறது. ஒரே இரவில் டவுன் முழுக்கக் கறுப்பாகிவிட்டது. கறுப்பு வேட்டி, தாடி, கழுத்தில் மாலை. பாளையங்கோட்டை பஸ்ஸில் அண்ணனுக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். டீக்கடையில் "சாமிக்கு மொத போடுலே" என்றார்கள். நடத்துநர் சில்லறையைக் கையில் போடாமல் மரியாதையாக இரண்டு கையாலும் தந்தாராம். அண்ணன் என்னிடம் வந்து, "தம்பி, ரெஜினா இருந்தா சிரிச்சே செத்திருப்பா" என்றார். சொல்லிவிட்டு, சொன்னது என்ன என்று உறைத்து, அலமாரியில் இருந்த வேட்டிக் கட்டு ஒன்றை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

ஒரு நாள் மத்தியானம் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். கல்யாணப் பெண், அவளுடைய அப்பா, அப்பாவின் அக்கா, கூட இரண்டு மூன்று பேர். அந்த அக்காதான் எல்லாம். தாயில்லாத பிள்ளையாம், அத்தைதான் வளர்த்திருக்கிறார். வெளுத்த நிறத்தில் சேலை, நெற்றியில் திருநீறு மட்டும். உள்ளே நுழைந்ததும் அண்ணனைப் பார்த்துவிட்டு நின்றார்.

"சாமி, நீங்கதான மேல பட்டுல இருப்பிய? எங்க அண்ணன் மகளுக்கு நீங்கதான் எடுத்துத் தந்திய. மால போட்டிருக்கிய! நல்லதாப் போச்சு. மேல வாங்க. மொதச் சேல உங்க கையாலதான்."

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் கல்லாவிலிருந்து முதலாளி அண்ணாச்சி எழுந்துவிட்டார். "போங்க சாமி, போயி எடுத்துக் குடுங்க" என்றார். முதலாளி அவரைச் சாமி என்று கூப்பிட்டதில் எனக்கு மயக்கமே வந்தது. அண்ணனைக் கடந்து போகும்போது, "ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம் வே. சும்மா இரும்" என்று மெதுவாகச் சொன்னார்.

அண்ணன் மேலே வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்கு முன்னால் அந்த முதுகு. மெத்தை விரிப்பைக் கையால் நீவிச் சரிசெய்தார். பிறகு மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று கேட்டார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஆனால் முந்தானையைத் தன் தோளில் போட்டுக் காட்டவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணின் தோளில் போடச் சொன்னார்.

நான் மடித்துக்கொண்டே ஒன்றைக் கவனித்தேன். அத்தைதான் "இது வேண்டாம், அது நல்லாருக்கு, சரிகை மட்டம்" என்று எல்லாம் சொன்னார். ஆனால் ஒரு சேலையைக்கூடத் தொடவில்லை. கையிரண்டையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு கண்ணாலேயே புரட்டினார். கடைசியில் கிளிப்பச்சையில் ஒன்று அமைந்தது. எல்லாருக்கும் பிடித்துவிட்டது.

"சாமி, உங்க கையால பிள்ள கையில குடுத்து ரெண்டு வார்த்த நல்லதாச் சொல்லுங்க" என்றார் அத்தை. பெண் கையை நீட்டினாள்.

அண்ணன் சேலையை எடுத்தார். தாம்பாளத்தில் வைத்தார். படிக்குப் பக்கத்தில் வந்து நின்ற முதலாளியை ஒரு தடவை பார்த்தார். பிறகு தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, நான் மலைக்குப் போற சாமி இல்ல. நான் வேதக்காரன். என் வீட்டுக்காரி எறந்துபோனா. இது துட்டிக்கு உடுத்துத கறுப்பு. சேல நல்ல சேல. வேற யாராவது எடுத்துக் குடுக்கட்டும்."

பெண் நீட்டிய கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டார். பெண்ணின் அப்பா எழுந்தேவிட்டார்.

"என்னய்யா இது? கல்யாணத்துக்கு எடுக்க வந்த எடத்துல துட்டிக்காரன உக்கார வச்சிருக்கிய! ஆம்பளையாளு பொண்டாட்டிக்குக் கறுப்பு உடுத்துதத நான் எங்கயும் கேட்டதில்ல. உங்க ஆளுவள்ல அப்படி உண்டுமா?"

"இல்ல" என்றார் அண்ணன்.

"பொறவு யாரு உடுத்தச் சொன்னா?"

அண்ணன் சொல்லப் பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஊரிலேயே பெரிய பேச்சுக்காரர். யார் யாரையோ சமாளித்த வாய், ஒரு வார்த்தைக்குத் திண்டாடியது. பின்னாலிருந்த எனக்கு அவருடைய கழுத்து மட்டும்தான் தெரிந்தது. அதில் மதினியின் செபமாலைக் கயிறு.

"மதினி கேட்டாவ" என்று ஒரு சத்தம் வந்தது. என்னுடையதுதான். எனக்கே அடையாளம் தெரியவில்லை. "எனக்கு ஒண்ணுன்னா நீங்க என்ன உடுத்துவியன்னு கேட்டாவ. ஒரு வருசம் உடுத்துதேன்னு அண்ணன் சொன்னாரு. நான்தான் சாட்சி."

அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். "நீ யாருப்பா?"

"மடிக்கவன்."

அதற்கு மேல் எனக்கும் சரக்கு இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் அது போதுமானதாக இருந்தது போலிருக்கிறது. அத்தை அண்ணனை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தம்பியிடம் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரர் போன அன்னைக்கு நான் என்ன உடுத்தணும்னு ஊரே கூடிச் சொல்லிச்சு. எதத் தொடக் கூடாதுன்னும் சொல்லிச்சு. இந்தா, வந்ததுலயிருந்து ஒரு சேலையத் தொட்டிருப்பேனா? இவருக்கு ஒருத்தரும் சொல்லல. தானா உடுத்திருக்காரு." பிறகு பெண்ணிடம், "ஏட்டி, கைய நீட்டு. இவரு கையாலயே வாங்கு" என்றார்.

"அக்கா, சகுனம்னு ஒண்ணு இருக்குல்லா?" என்றார் தம்பி.

"சகுனமாம் சகுனம்! மால போட்ட சாமி ஒரு மண்டலம் கறுப்பு உடுத்துதாரு. இவரு பொண்டாட்டிக்காவ ஒரு வருசம் உடுத்துதாரு. யாருலே பெரிய சாமி? நீ ஓம் பொண்டாட்டி போயி ஆறு மாசத்துல பொண்ணு பாக்கக் கெளம்புனவன்தான? உக்காரு."

தம்பி உட்கார்ந்துவிட்டார். கூட வந்தவர்களில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அண்ணன் தாம்பாளத்தை எடுத்து அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தார். நல்ல வார்த்தை ஒன்றும் சொல்ல வரவில்லை அவருக்கு. "நல்லா இருங்க ரெண்டு பேரும்" என்றார். பெண் திடீரென்று குனிந்து அவர் காலைத் தொட்டாள். அவர் பதறி விலகினார்.

சேலையைப் பெட்டியில் வைக்க என்னிடம் தந்தார்கள். மடித்தேன். மூடப் போகும்போது அத்தை கையை நீட்டி, மடிப்பின் மேல் ஒரு தடவை தடவினார். ஒரு சுருக்கமும் இல்லாத மடிப்பு அது. நான் மடித்தது, எனக்குத் தெரியாதா? அவர் தொட்டதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

அவர்கள் போன பிறகு முதலாளி அண்ணாச்சி மெத்தையில் வந்து உட்கார்ந்தார். "ஏம்வே, ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஓம்மால வாயப் பொத்திக்கிட்டு இருக்க முடியல" என்றார். என் பக்கம் திரும்பி, "நீ ஒருத்தன். இத்தன நாளா வாயில என்னத்தலே வச்சிருந்த?" என்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். "நாளைக்கு மேலயே உக்காரும்."

"தையில அண்ணாச்சி?"

"தை என்னவே தை? ஆடி வரைக்கும் இருக்குல்லா ஓம்ம கணக்கு?"

தை பிறந்தது. மலைக்குப் போய் வந்த சாமிகள் எல்லாரும் மாலையைக் கழற்றி வெள்ளைக்கு மாறினார்கள். அண்ணன் மட்டும் கறுப்பில் பட்டு விற்றார். எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். கறுப்பைப் பார்த்துவிட்டுப் படியிலேயே திரும்பிய கல்யாண வீடுகளும் உண்டு. முதலாளி கல்லாவில் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார், ஆனால் ஒரு சொல் சொன்னதில்லை. அம்பாசமுத்திரப் பக்கமிருந்து மட்டும், அத்தையின் வாய்ச் சாமர்த்தியத்தாலோ என்னவோ, "கறுப்புச் சட்டைக்காரர் கையால எடுக்கணும்" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். தொந்தி அண்ணாச்சி கடை என்ற பெயர் அத்தோடு மாறிப்போனது. முதலாளிக்கு அதில் ஒரு ஆறுதல்.

ஆடியில் ஆண்டுப் பூசை. துவைத்துத் துவைத்து அந்தச் சட்டை சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. பெண்ணாக இருந்தால் உடன்பிறந்தவன் நிறச்சேலை கொண்டுவருவான். ஆணுக்கு யார் கொண்டுவருவது? அப்படி ஒரு முறையே இல்லை. நான் அதையே நினைத்துக்கொண்டு மாதா கோயிலில் நின்றேன். திரும்பிப் பார்த்தால் கடைசி பெஞ்சில் நெற்றி நிறையத் திருநீறோடு முதலாளி அண்ணாச்சி உட்கார்ந்திருக்கிறார். எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்று தெரியாமல், முன்னால் இருந்தவரைப் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தார். மடியில் ஒரு பொட்டலம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை.

அண்ணன் போன மாதம் காலமானார். நான் போயிருந்தேன். மகன் வெளியூரிலிருந்து வந்து எல்லாம் முறையாகச் செய்தான், நன்றாக அழவும் செய்தான். கறுப்புப் பட்டை போட்டு, மெழுகுவத்தி எரிகிற மாதிரி ஒரு படத்தைத் தன் செல்போனில் வைத்தான். மறுநாள் அந்த இடத்தில் வேறு படம் வந்துவிட்டது. அவனைக் குறை சொல்லவில்லை. லீவு அவ்வளவுதான். பாளையங்கோட்டையில் இப்போது பெண்களும் முப்பதாம் நாளோடு மாற்றிவிடுகிறார்களாம். வேலைக்குப் போகிற இடத்தில் முடியாது என்கிறார்கள். அதுவும் நியாயம்தான்.

நான் இரண்டு கறுப்புச் சட்டை வாங்கினேன். எனக்கு அவர் உறவு இல்லை. முறையும் இல்லை. மதினிக்கும் அண்ணனுக்கும் நடந்த பேச்சுக்குச் சாட்சி, அவ்வளவுதான். முன்பு கறுப்புச் சட்டைக்கு ஊரெல்லாம் அலைய வேண்டும், இப்போது கடையில் பாதிக் கடை கறுப்பு. வீட்டுக்காரி மட்டும் கேட்டாள். சொன்னேன். "ஒரு வருசமா?" என்றாள். "ஆமா" என்றேன். வேறு சட்டைகளைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டாள்.

துணி எடுக்கக் கூப்பிட்டபோது, கறுப்புச் சட்டையோடு எப்படி வருவது என்று தங்கச்சியிடம் இழுத்தேன். "ஏன், புதுசாத்தான இருக்கு? வா" என்றாள். பஸ்ஸில் போனேன். யாரும் எழுந்து இடம் தரவில்லை, யாரும் விலகி உட்காரவும் இல்லை. டீக்கடையில் நின்றேன். கட்சியா, மலையா, துட்டியா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆளாளுக்குக் கறுப்புச் சட்டை போட்டிருந்தார்கள்.

பிள்ளை எடுத்த போட்டோவை எனக்கு அனுப்பியிருக்கிறாள். அவள் தோளில் கறுப்புப் பட்டு, பக்கத்தில் நான். நன்றாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு அம்பாசமுத்திரத்துப் பெண்ணின் அப்பா கேட்டார், என் வாயும் திறந்தது. இப்போது வாய் தயாராக இருக்கிறது. இந்த வருடம் முடிவதற்குள் ஏதாவது பஸ்ஸில், ஏதாவது கடையில் ஒருவராவது திரும்பிப் பார்த்து, "என்னவே, எதுக்குக் கறுப்பு?" என்று கேட்டுவிட மாட்டாரா என்று இருக்கிறது. கேட்டால் நீட்டி முழக்க மாட்டேன். எனக்கு அவ்வளவு வராது. இரண்டு வார்த்தை வைத்திருக்கிறேன். "ஞானப்பிரகாசம் அண்ணனுக்கு."